பேறுகால மரணங்களைத் தடுக்க: வசதி குறைந்த இடங்களில் பணியைத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

2023ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் கர்ப்ப காலத்திலோ, பிரசவத்தின்போதோ, அதற்குப் பிந்தைய வாரங்களிலோ உயிரிழந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனமும் அதனுடன் இணைந்து செயல்படும் ஐ.நா. அமைப்புகளும் மதிப்பிட்டுள்ளன. நாளொன்றுக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட மரணங்கள். இவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேல், குறைந்த வருமானமும் கீழ் நடுத்தர வருமானமும் கொண்ட நாடுகளில் நிகழ்ந்தவை. ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 2000ஆம் ஆண்டில் 328 ஆக இருந்த இறப்பு விகிதம் 2023இல் 197 ஆகக் குறைந்திருக்கிறது என்பது ஆறுதலான செய்திதான். ஆனால் 2030க்குள் அதை 70க்குக் கீழே கொண்டுவருவதாக உலக நாடுகள் ஒப்புக்கொண்ட இலக்கு இன்னும் வெகு தொலைவில் இருக்கிறது.

சிறிய சுகாதார நிலையம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்திருக்கும் செவிலியர், முதன்முறையாக ஒரு பகுதியின் பொறுப்பை ஏற்கும் மருத்துவர், தாய்சேய் நலத் திட்டத்தில் வேலைக்கு வந்திருக்கும் அலுவலர், வீடு வீடாகச் செல்லும் சுகாதாரத் தன்னார்வலர் ஆகியோரை மனத்தில் வைத்து இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மருந்தின் அளவுகளைச் சொல்லும் இடங்களில், உங்கள் நாட்டின் சிகிச்சை நெறிமுறை என்ன சொல்கிறதோ அதுவே முடிவானது. பயிற்சி பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய செயல்களை மற்றவர்கள் செய்யக் கூடாது.

முதற்படி: எது கொல்கிறது, எவ்வளவு நேரத்தில் கொல்கிறது

பேறுகால மரணம் என்பது கர்ப்பமாக இருக்கும்போதோ, கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தினாலோ அதனால் மோசமடைந்த நோயினாலோ நிகழும் மரணம். இதன் முதன்மைக் காரணம் கடுமையான உதிரப்போக்கு. உலக அளவில் நான்கில் ஒரு மரணத்துக்கும் சற்று அதிகமாக அதுவே காரணமாகிறது. அடுத்து உயர் இரத்த அழுத்தமும் அதனால் வரும் வலிப்பும். பின்னர் கிருமித்தொற்று, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, குழந்தை இறங்க வழியின்றித் தடைபடும் பிரசவம். இரத்தசோகை, மலேரியா, இதய நோய், எச்.ஐ.வி. போன்றவை கர்ப்பத்தோடு சேரும்போது இன்னொரு பெரும் பங்கை எடுத்துக்கொள்கின்றன.

இந்தப் பட்டியலைப் பலரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதைவிட முக்கியமானது அதற்குப் பின்னால் ஓடும் கடிகாரம். சிகிச்சையே கிடைக்காவிட்டால், பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு தொடங்கியதிலிருந்து மரணம் வரை சராசரியாக 2 மணி நேரம்தான் இருக்கும் என்று அவசர மகப்பேறு சிகிச்சைக்கான கையேடுகள் நெடுங்காலமாகக் கற்பித்து வருகின்றன. பிரசவத்துக்கு முந்தைய உதிரப்போக்கில் 12 மணி நேரம், கருப்பை கிழிந்துபோனால் 1 நாள், வலிப்பில் 2 நாட்கள், தடைபட்ட பிரசவத்தில் 3 நாட்கள், தொற்றில் 6 நாட்கள். இவை தோராயமான சராசரிகள். குறிப்பிட்ட ஒரு பெண்ணுக்கு இவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஆனாலும் நம் வேலையை எப்படி அடுக்க வேண்டும் என்பதை இந்த எண்கள் தெளிவாகச் சொல்லிவிடுகின்றன. பெரிய மருத்துவமனை 3 மணி நேரத் தொலைவில் இருந்தால், உதிரப்போக்குக்கான முதற்சிகிச்சை பிரசவம் நடக்கும் இடத்திலேயே கிடைக்க வேண்டும். தடைபட்ட பிரசவத்துக்கு அறுவைசிகிச்சை அங்கேயே இருக்க வேண்டிய அவசியமில்லை. நேரத்தில் கண்டுபிடிக்கும் கண்ணும் உடனே கிளம்பும் வண்டியும் இருந்தால் போதும்.

1994ஆம் ஆண்டில் செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த மரணங்களுக்குப் பின்னால் இருக்கும் தாமதங்களை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். மருத்துவ உதவியை நாடுவது என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம் முதலாவது. மருத்துவமனையைச் சென்றடைவதில் ஏற்படுவது இரண்டாவது. வந்து சேர்ந்த பிறகு உரிய சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. இந்தத் துறைக்கு வரும் எவரும் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய கருவி இதுவே. முதல் இரண்டைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது, ஏனெனில் அவை நம் சுவர்களுக்கு வெளியே நடக்கின்றன. மூன்றாவதோ நம் கையிலேயே இருக்கிறது. அதனால் மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் அழுத்தமான பரிந்துரை. உள்ளே சிகிச்சை கிடைக்காது என்று தெரிந்துவிட்டால் வீட்டில் முடிவெடுப்பதும் தானாகவே தாமதமாகும்.

இரண்டாம் படி: உங்கள் நிலையத்தை உள்ளபடி கணக்கெடுங்கள்

பணியில் சேர்ந்த முதல் வாரத்தில், கையில் ஒரு நோட்டுப் புத்தகத்துடன் பிரசவ அறை, மருந்து அறை, குளிர்பதனப் பெட்டி, வண்டி நிறுத்துமிடம் ஆகிய அனைத்தையும் நேரில் பாருங்கள். அடிப்படை அவசர மகப்பேறு சிகிச்சை தரும் இடம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அங்கே ஏழு செயல்கள் நடக்க வேண்டும்: ஊசிவழி நுண்ணுயிர்க்கொல்லி தருதல், கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து தருதல், வலிப்புக்கான ஊசி போடுதல், வெளிவராத நஞ்சை (நஞ்சுக்கொடியை) கையால் அகற்றுதல், கருப்பையில் தங்கிய எச்சங்களை அகற்றுதல், உறிஞ்சிப் பிடித்து இழுக்கும் வாக்குவம் போன்ற கருவியின் உதவியுடன் குழந்தையை வெளியே எடுத்தல், மூச்சுவிடாத பச்சிளம் குழந்தையை மூச்சுவிட வைத்தல். சிசேரியன் அறுவைசிகிச்சையும் இரத்தம் ஏற்றுதலும் சேர்ந்தால் அது முழுமையான நிலையமாகிறது.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, "கடந்த மூன்று மாதங்களில் இது இங்கே உண்மையில் நடந்ததா?" என்ற ஒரே கேள்விக்கு விடை எழுதுங்கள். கருவி அலமாரியில் இருப்பது போதாது. வாக்குவம் கருவி பிரிக்கப்படாத பெட்டியில் இருக்கிறது, ஆனால் அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார் என்றால் அந்தச் செயல் அங்கே நடக்கவில்லை என்றுதான் எழுத வேண்டும். இரவுப் பணியிலும் விடுமுறை நாட்களிலும் யார் இருக்கிறார்கள், மின்சாரம் போனால் விளக்குக்கு என்ன வழி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மருந்து அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பவற்றையும் எழுதுங்கள். சாவி கைக்குக் கிடைக்காத இரவில், பூட்டிய அலமாரிக்குள் இருக்கும் மருந்தும் இல்லாத மருந்துதான்.

மூன்றாம் படி: கர்ப்ப காலப் பரிசோதனையைப் பயனுள்ளதாக்குங்கள்

கர்ப்ப காலத்தில் குறைந்தது எட்டு முறையாவது ஒவ்வொரு பெண்ணும் சுகாதாரப் பணியாளரைச் சந்திக்க வேண்டும், அவற்றில் முதலாவது 12 வாரங்களுக்குள் அமைய வேண்டும் என்று 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. எண்ணிக்கையைவிடச் சந்திப்பில் என்ன நடக்கிறது என்பதே முக்கியம். ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்க்கப்பட வேண்டும். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) இரத்தத்துக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே என்றால் கடுமையானது. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு உதிரம் போனாலும் கடுமையான இரத்தசோகை உள்ள பெண்ணின் உடல் தாங்காது. நாள்தோறும் 30 முதல் 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 0.4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலமும் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு நின்றுவிடாமல், வயிற்றைப் புரட்டுகிறதா, மலம் கறுப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிட்டாளா என்று அடுத்த முறை கேட்பதில்தான் அந்த மாத்திரையின் பயன் இருக்கிறது.

முன்பே இரத்த அழுத்தம் இருந்தவர்கள், முந்தைய கர்ப்பத்தில் வலிப்புக்கு உள்ளானவர்கள் போன்றோருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் உதவும். உணவில் சுண்ணாம்புச்சத்து குறைவாக உள்ள மக்களிடையே கால்சியம் மாத்திரையும் பரிந்துரைக்கப்படுகிறது. மலேரியா பரவலாக உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் கர்ப்பத்தின் இரண்டாவது மூன்றுமாதக் கட்டத்திலிருந்து தடுப்பு மருந்து தரப்படுகிறது.

ஒன்றை இங்கே வற்புறுத்திச் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகளை "ஆபத்து உள்ளவர்", "ஆபத்து இல்லாதவர்" என்று பிரித்துவிட்டு முதல் வகையினரை மட்டும் கவனித்தால் போதும் என்ற எண்ணம் தவறானது. உதிரப்போக்குக்கு உள்ளாகும் பெண்களில் பலரிடம் முன்கூட்டியே சொல்லத்தக்க அறிகுறி எதுவும் இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு பிரசவமும் சிக்கலாகலாம் என்ற ஆயத்தத்துடனேயே ஒவ்வொரு குடும்பத்தோடும் பேச வேண்டும்: பிரசவம் எங்கே, வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது, இரவில் என்றால் யார், செலவுக்குப் பணம் எங்கே வைத்திருக்கிறார்கள், இரத்தம் தர யார் தயார், கணவர் ஊரில் இல்லாவிட்டால் சம்மதம் சொல்லப்போவது யார். கடைசிக் கேள்வியைக் கணவர், மாமியார் ஆகியோரின் முன்னிலையிலேயே கேட்டு, விடையையும் அவர்கள் முன்னிலையிலேயே பெறுங்கள். உதிரம் போய்க்கொண்டிருக்கும்போது யாருடைய அனுமதிக்காகவும் காத்திருக்க நேரம் இருக்காது.

அபாய அறிகுறிகளைப் பற்றிப் பேசும்போது எளிமையாகப் பேசுங்கள்: எந்த உதிரப்போக்கும், விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, வலிப்பு, காய்ச்சல், பனிக்குடம் உடைந்தும் வலி வராதது, குழந்தையின் அசைவு குறைவது. இவற்றில் ஒன்று வந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்.

நான்காம் படி: உதிரப்போக்கை அளந்து பாருங்கள், உடனே செயல்படுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டுமே படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

தடுப்பதிலிருந்து தொடங்குவோம். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள், வயிற்றில் இன்னொரு குழந்தை இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தாய்க்கு 10 யூனிட் ஆக்ஸிடோசின் ஊசி போட வேண்டும். கருப்பை சுருங்கினால் நஞ்சு பிரிந்த இடத்தின் இரத்தக்குழாய்கள் இறுகி மூடிக்கொள்ளும். உதிரப்போக்கு பெரும்பாலும் கருப்பை சுருங்காமல் தளர்ந்து கிடப்பதால்தான் வருகிறது. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைக்க வேண்டும். வெயிலில் வந்து, ஜன்னலோரத் தட்டில் பல நாள் கிடந்த ஆம்பூலில் (ஊசி மருந்துக் கண்ணாடிக் குப்பியில்) மருந்து இருப்பதுபோல் தெரியும், ஆனால் வீரியம் குறைந்திருக்கும். குளிர்பதன வசதி நம்பத்தக்கதாக இல்லாத இடங்களில் வெப்பம் தாங்கும் கார்பிடோசின் ஊசியோ மிசோப்ரோஸ்டால் மாத்திரையோ மாற்றாகப் பயன்படுகின்றன. வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்பு தரச்சான்றைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது கண்டறிவது. கண்ணால் பார்த்துச் சொல்லும் மதிப்பீடு, அனுபவசாலிகளுடையதுகூட, உண்மையான அளவைவிடக் குறைவாகவே இருக்கும். உதிரம் ஒரே இடத்தில் தேங்கி நிற்பதில்லை. துணியில் ஊறுகிறது, பஞ்சில் ஏறுகிறது, மெத்தையின் மடிப்பில் வடிகிறது, தரையில் தண்ணீரோடு கலக்கிறது, தாயின் முதுகுக்கடியில் யாரும் பார்க்காத இடத்தில் தேங்குகிறது. அதனால் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பொன்றைக் குழந்தை பிறந்தவுடன் தாயின் இடுப்புக்கடியில் விரித்துவிடுகிறார்கள். அதன் நுனியிலுள்ள கூம்புவடிவப் பையில் உதிரம் சேரும், எத்தனை மில்லி என்பது கோட்டைப் பார்த்தாலே தெரியும். பழைய வரையறைப்படி 24 மணி நேரத்துக்குள் 500 மில்லியோ அதற்கு மேலோ போனால் அது பிரசவத்துக்குப் பிந்தைய உதிரப்போக்கு. 300 மில்லியைத் தொட்டு, அதோடு நாடித்துடிப்பு ஏறியோ இரத்த அழுத்தம் இறங்கியோ இருந்தால் 500 வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதே 2025ஆம் ஆண்டில் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்.

சிகிச்சையில் புதியவர்கள் பெரும்பாலும் ஒன்றைச் செய்து, அது பலிக்கிறதா என்று காத்திருந்து, பிறகு அடுத்ததற்குப் போகிறார்கள். இந்த வரிசைமுறையில்தான் 2 மணி நேரம் கரைந்துபோகிறது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளின் ஏறத்தாழ 80 மருத்துவமனைகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பெண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் முடிவுகள் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு, இதை மாற்றிக் காட்டியது. அளவுக்கோட்டு விரிப்பால் முன்கூட்டியே கண்டுபிடித்து, கருப்பையைத் தேய்த்துவிடுதல், ஆக்ஸிடோசின் போன்ற சுருக்கும் மருந்து, உதிரப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்சமிக் அமிலம், நரம்பு வழியாக திரவம் ஏற்றுதல், காயம் அல்லது தங்கிய நஞ்சு இருக்கிறதா என்ற பரிசோதனை ஆகிய அனைத்தையும் ஒரே தொகுப்பாக உடனடியாகச் செய்தபோது, கடுமையான உதிரப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவைசிகிச்சை, அதனால் நேரும் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துக் கணக்கிட்ட பாதிப்பு 60 சதவீதம் குறைந்தது. தொகுப்பில் இருந்த மருந்துகள் எதுவும் புதியவை அல்ல. அவற்றைச் சேர்த்தும் தாமதமின்றியும் தந்ததே வேறுபாடு.

டிரானெக்சமிக் அமிலத்தைப் பற்றித் தனியாக ஒரு சொல். 20,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்று, குழந்தை பிறந்த 3 மணி நேரத்துக்குள் 1 கிராம் அளவை நரம்பு வழியாகத் தந்தால் உதிரப்போக்கால் வரும் மரணம் குறைகிறது என்று நிறுவியது. தாமதமாகும் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பயன் ஏறத்தாழ 10 சதவீதம் குறைகிறது; 3 மணி நேரம் கடந்துவிட்டால் தரக் கூடாது.

இவ்வளவும் செய்தும் நிற்காவிட்டால், இரு கைகளாலும் கருப்பையை அழுத்திப் பிடித்தபடி மேல்சிகிச்சைக்குக் கொண்டு செல்ல வேண்டும். வங்கதேசத்தில் மருத்துவர் சயேபா அக்தர் உருவாக்கிய முறையில், ரப்பர் குழாயின் நுனியில் ஆணுறையைக் கட்டி, கருப்பைக்குள் செலுத்தி, உப்புநீர் நிரப்பி உள்ளிருந்து அழுத்தம் தருகிறார்கள். உதிரம் போவதால் உடல் நிலைகுலைவதை (ஷாக்) எதிர்கொள்ள, கால்களையும் இடுப்பையும் இறுகச் சுற்றும் அதிர்ச்சித்தடுப்பு உடையும் பயணத்தின்போது நேரம் வாங்கித் தருகிறது. இவை இரண்டும் அறுவைசிகிச்சை அறையைச் சென்றடையும் வரைக்கான துணைகளே.

தேவையான அனைத்தையும் ஒரே பெட்டியில், பூட்டாமல், பிரசவ அறையிலேயே வையுங்கள். குளிரில் இருக்க வேண்டிய மருந்து மட்டும் குளிர்பதனப் பெட்டியில், எந்தத் தட்டில் என்று எல்லோருக்கும் தெரியும்படி இருக்கட்டும். ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் பெட்டியைத் திறந்து சரிபார்த்துக் கையெழுத்திடுவதை வழக்கமாக்குங்கள்.

ஐந்தாம் படி: இரத்த அழுத்தமும் வலிப்பும்

கர்ப்ப காலத்தில் 20 வாரங்களுக்குப் பிறகு அழுத்தம் 140/90க்கு மேல் ஏறுவது எச்சரிக்கை. 160/110 என்றால் அது அவசரநிலை. லேபட்டலால், ஹைட்ரலசின், வாய்வழி நிஃபெடிபின் ஆகியவற்றில் கிடைப்பதைக் கொண்டு அழுத்தத்தைக் குறைத்தபடியே, வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட் தர வேண்டும். 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான மேக்பை ஆய்வு, இம்மருந்து வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று காட்டியது. விலை மலிவான மருந்து. ஆனால் புதியவர்கள் அதைத் தொடவே அஞ்சுகிறார்கள். கணக்கு சிக்கலாக இருப்பதே அந்த அச்சத்துக்குப் பெரும் காரணம், ஆகவே கணக்கை முன்கூட்டியே முடித்து வைத்துவிட வேண்டும்.

பரவலாகப் பின்பற்றப்படும் முறையில் முதல் தவணை 14 கிராம்: 4 கிராம் நரம்பு வழியாக மெதுவாக, மீதி 10 கிராம் இரண்டு பிட்டங்களிலும் 5 கிராம் வீதம் தசையில் ஆழமாக. உங்களிடம் இருப்பது 50 சதவீதக் கரைசல் கொண்ட 2 மில்லி ஆம்பூல் என்றால் ஒன்றில் 1 கிராம் மருந்து இருக்கும்; அப்படியானால் 14 ஆம்பூல்களை உடைக்க வேண்டும். நரம்பு வழியாகத் தர வேண்டிய 4 கிராம் என்பது 8 மில்லி. அதோடு 12 மில்லி ஊசிக்கான சுத்தநீரோ உப்புநீரோ சேர்த்து 20 மில்லியாக்கினால் 20 சதவீதக் கரைசல் கிடைக்கும். கட்டிலில் ஒரு பெண் வலிப்பில் துடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒருவர் தனியாக இந்தக் கணக்கைப் போட்டு, 14 ஆம்பூல்களையும் உடைத்து, சரியான ஊசிக்குழல்களில் ஏற்ற முடியும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. எனவே 14 ஆம்பூல்கள், நீர், ஊசிக்குழல்கள், ஊசி போடும் இடத்தை மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஆகியவற்றை ஒரே பையில் கட்டி, மேலே படிப்படியான குறிப்பைப் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். ஆம்பூலின் அளவு மாறிய புதிய சரக்கு வந்தால் அன்றே குறிப்பையும் மாற்றுங்கள்.

அடுத்த தவணைகள் ஒவ்வொன்றுக்கும் முன்பு மூன்றைப் பார்க்க வேண்டும்: முழங்காலைத் தட்டினால் கால் துள்ளுகிறதா, நிமிடத்துக்கு 16 முறையாவது மூச்சு விடுகிறாளா, கடந்த 4 மணி நேரத்தில் 100 மில்லியாவது சிறுநீர் பிரிந்திருக்கிறதா. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மருந்தை நிறுத்திவைக்க வேண்டும். மூச்சு தடைபட்டால் தர வேண்டிய மாற்று மருந்தான 1 கிராம் கால்சியம் குளுக்கோனேட்டும் அதே பையில் இருக்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதாக இருந்தால் முதல் தவணையைப் போட்டுவிட்டே அனுப்புங்கள். வலிப்பின் முழுமையான தீர்வு பிரசவம் முடிவதுதான்; அதன் பிறகும் 24 மணி நேரம் மருந்து தொடர வேண்டும், ஏனெனில் பிரசவத்துக்குப் பிறகும் வலிப்பு வரும்.

ஆறாம் படி: நீளும் பிரசவமும் தொற்றும்

பிரசவத்தின் தீவிரக் கட்டம் கருப்பைவாய் 5 செ.மீ. விரிந்ததிலிருந்து தொடங்குகிறது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வரையறை. 2020இல் அது வெளியிட்ட, பிரசவம் எப்படி முன்னேறுகிறது என்று பதியும் பிரசவக் கவனிப்புப் படிவம் அதன் அடிப்படையிலேயே அமைந்தது. அந்தப் படிவத்தைப் பிரசவம் நடந்துகொண்டிருக்கும்போதே நிரப்புங்கள். பிரசவம் முடிந்த பிறகு கோப்புக்காக நிரப்பப்படும் படிவம் யாரையும் காப்பாற்றாது.

வலி சீக்கிரம் வர வேண்டும் என்று குழந்தை பிறப்பதற்கு முன்பே ஆக்ஸிடோசினைத் தசையில் ஊசியாகப் போடுவதும், வயிற்றின் மேல் அழுத்தித் தள்ளுவதும் இன்றும் பல இடங்களில் நடக்கின்றன. இரண்டும் கருப்பையைக் கிழிக்கக்கூடியவை. உங்கள் நிலையத்தில் மூத்தவர்கள் செய்கிறார்கள் என்பதற்காக நீங்கள் அதைத் தொடராதீர்கள். பொறுப்பு மருத்துவரிடம் நெறிமுறையைக் காட்டிப் பேசுங்கள்.

தொற்றைப் பொறுத்தவரை, 1847இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் காட்டியது இன்றும் முதற்பாடம்: மருத்துவர்கள் குளோரின் கரைசலில் கை கழுவத் தொடங்கியதும் பேறுகாலக் காய்ச்சலால் வந்த மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. குழாய்த் தண்ணீர் இல்லாத இடத்தில் ஆல்கஹால் கைத்தேய்ப்பு மருந்தையாவது ஒவ்வொரு கட்டிலருகிலும் வைக்க வேண்டும். உள்பரிசோதனைகளை இயன்றவரை குறைக்க வேண்டும். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, நாற்றமுள்ள கசிவு, அடிவயிற்று வலி ஆகியவை தென்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி தொடங்கப்பட வேண்டும். பாதுகாப்பற்ற கருக்கலைப்புக்குப் பிறகு வரும் பெண்ணுக்கும் இதே வேகம் உரியது. யார் செய்தது, ஏன் செய்தாய் என்ற விசாரணை சிகிச்சைக்கு முந்தினால் அடுத்த பெண் வரமாட்டாள். அவளுக்கும், குழந்தை பெற்ற ஒவ்வொருவருக்கும், விரும்பினால் கருத்தடை முறை அங்கேயே கிடைக்க வேண்டும்.

ஏழாம் படி: மேல்சிகிச்சைக்கு அனுப்பும் முறை

அனுப்புவது என்றால் சீட்டு எழுதிக் கொடுப்பது மட்டுமல்ல. முதலில் தொலைபேசியில் பேசி, அங்கே மயக்க மருந்து நிபுணரும் இரத்தமும் இருக்கின்றனவா என்று உறுதி செய்யுங்கள். இல்லையென்றால் வேறிடத்துக்கு அனுப்புங்கள். ஒரு மருத்துவமனையின் வாசல்வரை சென்று திருப்பி அனுப்பப்பட்டு இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் அலையும் பெண்ணின் வரலாறு, இறப்பு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. இடதுபக்கமாகப் படுக்கவைத்து, நரம்பு ஊசி பொருத்தி, தந்த மருந்துகளையும் தந்த நேரத்தையும் சீட்டில் எழுதி, பயிற்சி பெற்ற ஒருவரையும் இரத்தம் தரக்கூடிய உறவினரையும் கூடவே அனுப்புங்கள். சென்று சேர்ந்தாளா என்று அன்றே விசாரியுங்கள்.

இரத்தம் பல இடங்களில் கடைசித் தடையாக நிற்கிறது. ருவாண்டாவில் 2016 முதல் மலைப்பகுதி மருத்துவமனைகளுக்கு டிரோன்கள் மூலம் இரத்தம் அனுப்பப்படுகிறது. அவ்வளவு வசதி இல்லாத இடத்திலும், உள்ளூரில் உடனே வரக்கூடிய தன்னார்வக் கொடையாளர்களின் இரத்தப் பிரிவும் தொலைபேசி எண்ணும் கொண்ட பட்டியல் ஒன்றை மாதந்தோறும் புதுப்பித்து வைத்திருக்கலாம். எடுக்கும் இரத்தத்தைப் பரிசோதித்த பிறகே ஏற்ற வேண்டும். போக வர முடியாத தொலைவில் வாழும் பெண்களுக்கு, நிறைமாதத்தில் மருத்துவமனையின் அருகிலேயே தங்கியிருக்கும் காத்திருப்பு இல்லங்கள் உதவுகின்றன.

எட்டாம் படி: குழந்தை பிறந்த பிறகு

குழந்தை பிறந்ததும் எல்லோருடைய கண்ணும் குழந்தையின் பக்கம் திரும்பிவிடுகிறது. தாய்க்கு ஆபத்து மிகுந்திருப்பதோ அடுத்த 24 மணி நேரத்தில்தான். முதல் இரண்டு மணி நேரம் 15 நிமிடங்களுக்கு ஒருமுறை நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், உதிரப்போக்கு ஆகியவற்றைப் பார்த்து, வயிற்றைத் தொட்டுக் கருப்பை இறுகியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஒருநாளாவது தங்கவைக்க வேண்டும். அதற்குப் படுக்கையும் கழிப்பறையும், கூட இருக்கும் உறவினருக்கு உட்கார ஓர் இடமும் தேவை. மரியாதையாகப் பேசப்படாத பெண் ஒருநாள் தங்கமாட்டாள், அடுத்த பிரசவத்துக்கு வரவும் மாட்டாள். வலியில் கத்தும் பெண்ணை அதட்டுவது, திரையில்லாமல் பரிசோதிப்பது ஆகியவை ஒழுங்கீனங்கள் மட்டும் அல்ல. அவை முதல் தாமதத்தை வளர்க்கின்றன. பிரசவ நேரத்தில் அவள் விரும்பும் ஒருவரைக் கூடவே இருக்கவிடுவது, செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய மாற்றம்.

வீடு திரும்பிய பிறகு 2 முதல் 3 நாட்களுக்குள்ளும், 7 முதல் 14 நாட்களுக்குள்ளும், 6ஆவது வாரத்திலும் தாயைப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் படி: மரணம் நிகழ்ந்துவிட்டால்

இங்கிலாந்தும் வேல்ஸும் 1952 முதல் ஒவ்வொரு பேறுகால மரணத்தையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டு வந்திருக்கின்றன. செல்வம் சேர்வதற்கு முன்பே இந்த மரணங்களை வெகுவாகக் குறைத்த நாடாக எடுத்துக்காட்டப்படும் இலங்கையிலும், கிராமந்தோறும் பணியாற்றிய மருத்துவச்சிகளோடு இத்தகைய ஆய்வும் பெரும்பங்கு வகித்தது.

உங்கள் நிலையத்தில் ஆய்வு நடத்தும்போது, யாருடைய தவறு என்ற கேள்வியை முதலிலேயே விலக்கிவையுங்கள். தண்டனை வரும் என்ற பயம் இருந்தால் பதிவேடு திருத்தப்படும். திருத்தப்பட்ட பதிவேட்டிலிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது. அறிகுறி முதலில் தோன்றிய நேரத்திலிருந்து மரணம் வரை, மணி நேரக் கணக்கில் ஒரு கோடு வரையுங்கள். குடும்பத்தாரை அவர்கள் வீட்டில், அவர்களுக்கு இசைந்த நாளில் சந்தித்து, அவர்கள் சொல்லும் நேரங்களையும் அதே கோட்டில் குறியுங்கள். எந்த இடத்தில் நேரம் வீணானது, அது மூன்று தாமதங்களில் எது என்பது அப்போது தானாகத் தெரியவரும். மயிரிழையில் பிழைத்த பெண்களின் வரலாறுகளையும் இதேபோல் ஆராயுங்கள். அவர்கள் எண்ணிக்கையில் அதிகம், நடந்ததைத் தாங்களே சொல்லவும் கூடியவர்கள்.

கூட்டம் முடியும்போது கையில் நீண்ட அறிக்கை இருக்க வேண்டியதில்லை. செய்யக்கூடிய மூன்று அல்லது நான்கு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் பொறுப்பானவரின் பெயர், முடிக்க வேண்டிய தேதி ஆகியவை இருந்தால் போதும். அடுத்த கூட்டம் அந்தப் பட்டியலை வாசிப்பதிலிருந்தே தொடங்கட்டும். முடியாமல் நிற்கும் வேலைக்கு எதிரே, அது ஏன் நிற்கிறது, யாரிடம் கேட்டால் நடக்கும் என்று எழுதி, கேட்க வேண்டியவரிடம் அன்றே கேட்டுவிடுங்கள்.